வாசலில் குந்தி எழச் சொல்வது ஏன்

“எழுத்து வேலைக்கு வந்த புள்ள ஆளப் பாக்குமா, காகிதத்தப் பாக்குமா?”

நான் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சமையல் முத்தம்மா அக்கா என் காதில் விழும்படி இப்படிக் கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. சமையல் கொட்டகையில் அப்போது அவரையும் ஒரு பூனையையும் தவிர யாருமில்லை.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பேனா பிடித்த கை என்னுடையது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் என் அப்பா, என்னைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்த்த அன்று மனுவில் பெருவிரல் ரேகைதான் வைத்தார். ஏழாம் வகுப்பு தேறி இந்த வேலைக்குக் கடிதம் வந்தபோது, அதை அண்டை வீடுகள் மூன்றிலும் என்னை உரக்க வாசிக்க வைத்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது. கேட்டவர்களில் ஒருவருக்கும் புரியவில்லை. ஆனாலும் நிறுத்தக்கூடாது என்றார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளிடம் இந்தக் கேள்வியா என்று நினைத்தேன்.

நான்கு வருஷம் அங்கே வேலை பார்த்துவிட்டுச் சென்ற மாதம் விலகினேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறாள். இல்லத்துக்குள் வரும் ஒவ்வொருவரையும் வாசலில் ஒரு தடவை குந்தி எழச் சொல்கிறார்களே, பள்ளிக்கூடத் தண்டனை மாதிரி இருக்கிறதே, இதை நிறுத்திவிடலாமா என்று. நிறுத்தக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களை நிறுத்திய வருஷங்கள் அவை. வேலை போனவர்கள் கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் ரயிலேறிப் பிறையில் இறங்கி, ஃபெரியில் கடல் கடந்து தீவுப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சிலர் ஊருக்குப் போகக் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். சிலருக்கு ஊரில் போய்ச் சேர ஆளில்லை; இங்கேயே ஏதாவது வேலை கிடைக்காதா என்று அலைந்தார்கள். எல்லோருக்கும் இரவில் மார்க்கெட் ஸ்திரீட், குயின் ஸ்திரீட் கடைகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதைதான் படுக்கை. நம்மவர்களில் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து ஜெலுத்தோங்கில் ஒரு பழைய கொப்பரைக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, நாற்பது பாய் போட்டு, வீடில்லாத ஆண்களுக்கான இல்லமாக நடத்தினார்கள். எத்தனை முறை கழுவினாலும் தேங்காய் எண்ணெய் வாடை போகாது. “படுத்தாலே தலைக்கு எண்ணெய் வச்ச மாதிரி” என்பார்கள்.

இல்லத்துக்கு மேலாளர் ஞானப்பிரகாசம் ஐயா. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். வெள்ளைக் குளோஸ் கோட்டு, சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சப்பாத்து, சங்கிலியில் கடிகாரம். எப்பேர்ப்பட்ட அழுக்கு வேட்டியோடு வந்தவனையும் ‘நீங்க’ என்றுதான் சொல்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். அன்றைக்கு ஏற்கெனவே சாவி கொடுத்திருந்தாலும் கொடுப்பார்.

அவருக்கு ஒரே ஒரு விஷயத்தில் மன்னிப்புக் கிடையாது. கள். “குடிச்சிருந்த ஒரு ஆளால ரெண்டு ரயில் பெட்டி கவுந்தத என் கண்ணால பாத்தவன் நான்” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். எனவே வாசலில் ஒரு நடைமுறை வைத்திருந்தார். மாலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும். வாசல் தூணிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை சிமெண்டுத் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. பன்னிரண்டு எட்டு தூரம். வருகிறவர் கால் கழுவிக்கொண்டு அந்தக் கோட்டின் மேல் நடக்க வேண்டும். கோணாமல் நடந்தால், “வாங்க, உள்ள போங்க.” தள்ளாடினால், “இன்னைக்கு எடமில்லைங்க. நாளைக்கு வாங்க.” நான் மேசையில் பதிவேட்டோடு உட்கார்ந்து, தள்ளாடியவர் பெயருக்கு நேரே ‘கு’ என்று எழுதுவேன். குடி. ஒரு மாதத்தில் மூன்று ‘கு’ விழுந்தால் அடுத்த ஒரு மாதம் இல்லத்தின் வாசலை மிதிக்கக்கூடாது. என் ‘கு’ அழகாக இருக்கும். கொம்பை நன்றாகச் சுழித்து எழுதுவேன்.

இனி, அரிசி. தொடக்கத்தில் இல்லத்தில் புழுங்கலரிசிச் சோறுதான். பழுப்பாக, வாடையோடு இருக்கும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. தோட்டத்திலும் இதையே தின்று, தெருவுக்கு வந்தும் இதையேதானா என்று தோன்றும். குயின் ஸ்திரீட்டில் அரிசி மண்டி வைத்திருந்த மரைக்காயர் ஒருவர், இல்லத்துக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பியபோது, மாஸ்டர் என்னைப் பதில் எழுதச் சொன்னார். இரண்டு நாள் எழுதினேன். ‘வீதியில் உறங்கியவர்களும் மானமுள்ள மனிதர்களே, ஒரு வேளையேனும் பெரிய வீடுகளில் போல வெண்ணிறச் சோற்றை அவர்கள் உண்ணும்படி செய்தால் அதுவே பேருதவி’ என்று எழுதினேன். மாஸ்டர் வாசித்துவிட்டு ஒரு எழுத்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரமே மாட்டு வண்டியில் மூட்டைகள் வந்தன. முதல் தரமான சயாம் வெள்ளை அரிசி, நன்றாகத் தீட்டியது. மல்லிகை மொட்டுப் போல இருந்தது. அதற்குப் பிறகு மாதா மாதம் வந்தது. அன்று சாப்பிட்டவர்கள், “என்னா கிராணியம்மா, யாருக்குக் கல்யாணம்?” என்று என்னைக் கேட்டார்கள். அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார்கள்; கிராணி என்றால் கணக்கு எழுதுகிறவர். முத்தம்மா அக்கா மட்டும் முகத்தைச் சுளித்தார். “இது பல்லுலயும் ஒட்டல, வயித்துலயும் ஒட்டல. தின்னுட்டு ஒரு மணி நேரத்துல பசிக்கிதுங்கிறானுவ” என்றார். நல்லது எது நடந்தாலும் அவர் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

வேலாயுதம் என்பவர் வந்தது அதற்குச் சில நாள் கழித்து. நாற்பது வயதிருக்கும். சுங்கைப் பட்டாணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பதினெட்டு வருஷம் ரப்பர்ப் பால் வெட்டியவர். அதிகம் பேச மாட்டார். காலையில் யாரும் சொல்லாமலே முற்றத்தைக் கூட்டுவார், கிழிந்த பாய்களை முடைவார். பகலில் வேலை தேடிப் போவார். நாலு மாதம் ஒரு ‘கு’வும் இல்லாத பெயர் பதிவேட்டில் அவருடையது ஒன்றுதான்.

ஐந்தாம் மாதம் ஒரு மாலை கோட்டில் நடக்கும்போது ஏழாவது எட்டில் தடுமாறினார். இடது கால் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. மாஸ்டர் அருகில் போய் முகர்ந்து பார்த்தார். வாடை இல்லை.

“கிராம்பு மென்னிருக்கீங்களா?”

“இல்லைங்கய்யா. நான் குடிக்கல.”

குடிக்காதவனும் அதைத்தான் சொல்வான், குடித்தவனும் அதைத்தான் சொல்வான். மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுதினேன். மறு வாரம் இன்னொன்று. மூன்றாவது முறை அவர் நாலாவது எட்டிலேயே விழப்போய் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் பேனாவை மையில் தோய்க்கும்போது மேசைக்கு வந்தார்.

“கிராணியம்மா, எழுதாதீங்க. எனக்கு வேற எடமில்ல.”

மழை தூறிக்கொண்டிருந்தது. விதி என்று ஒன்றிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். மாஸ்டர் மரியாதையாக, “அடுத்த மாசம் வாங்க” என்றார். வேலாயுதம் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மெதுவாகப் போனார்.

மறுநாள் காலை முத்தம்மா அக்கா என் மேசைக்கு வந்து நின்றார். அவர் கொட்டகையை விட்டு அங்கே வருவது அபூர்வம்.

“வேலாயுதத்த வெரட்டிட்டீங்களாமே.”

“மூணு தடவை குடிச்சிட்டு வந்தாரு, அக்கா.”

“குடிகாரன் காலையிலயும் தள்ளாடுவானா? ஒரு மாசமா அந்த ஆளு சோறு தின்னுட்டுத் தூணப் புடிச்சிக்கிட்டுத்தான் எழும்புது. நேத்து முந்தாநாளு நான் கை குடுத்துத் தூக்கி விட்டேன். நீ பாத்ததே இல்லையா?”

நான் பார்த்ததில்லை. என் மேசை வாசலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. சாப்பாட்டுக் கொட்டகை என் முதுகுக்குப் பின்னால். நாற்பது பேர் சாப்பிட்டு எழுவதை இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மாஸ்டரிடம் அரை நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு பட்டணத்துக்குப் போனேன். மார்க்கெட் ஸ்திரீட்டில் காசு மாற்றுகிறவர் ஒருவரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். “கால் வீங்குன ஆளா? அந்தா, பூட்டுன துணிக்கடை வாசல்ல” என்று கையைக் காட்டினார். கால் வீங்கிய ஆள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வேலாயுதம் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வேட்டி இன்னும் ஈரம். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

“அண்ணே, காலுக்கு என்னா?”

“என்னுதா இல்லையான்னே தெரியலம்மா. பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குது. கீழ பாத்துக்கிட்டு நடந்தா சமாளிச்சிருவேன். பொழுது சாஞ்சா பாதம் எங்க இருக்குன்னே புடிபடல.”

“இத ஏன் மாஸ்டர்கிட்ட சொல்லல?”

அவர் வேட்டியை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டார். “நோயாளின்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க. அங்க போனவனக் கப்பலேத்திருவாங்கன்னு சொன்னாங்க. ஊருல எனக்கு யாரும்மா இருக்கா? இங்கன்னா, கால் சரியானதும் ஒரு வேல கெடைக்கும்லா.”

ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தினேன். அவரைப் பிடித்து ஏற்ற ரிக்‌ஷாக்காரரும் நானும் காசு மாற்றுகிறவரும் சேர்ந்து முயல வேண்டியிருந்தது.

ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கும் மருந்தகத்துக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வயதானவர். நோயாளியின் நாக்கைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் சொன்ன முதல் வார்த்தை, “குந்துங்கோ” என்பதுதான். வேலாயுதம் குந்தினார்.

“இப்ப கை ஊன்றாமல் எழும்புங்கோ, பாப்பம்.”

வேலாயுதம் முயன்றார். தொடை நடுங்கியது. அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அவர் முழங்காலின் கீழ்க் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. பிறகு நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். என் பக்கம் திரும்பினார்.

“இவர் எங்க சாப்பிடுறவர்?”

“எங்க இல்லத்துல, டாக்டர்.”

“என்ன அரிசி?”

இதை எழுத இப்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “வெள்ளை அரிசிங்க, டாக்டர். முதல் தரம்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “பிள்ளை, அதாலதான் இந்த வருத்தம், இந்த நோய். தவிடு முழுக்கப் போகத் தீட்டின அரிசி. காலுக்கும் நெஞ்சுக்கும் வேண்டியது அந்தத் தவிட்டிலதான் இருக்கு. புழுங்கலரிசியில அது தங்கும், இதில தங்காது. இதையே மாசக்கணக்காத் திண்டால் முதல்ல கால் போகும், பிறகு நெஞ்சு வீங்கும். இன்னும் ரெண்டு கிழமை விட்டிருந்தால் நீங்கள் இவரை இங்க கொண்டு வந்திருக்க மாட்டியள்.”

“இப்ப?”

“இப்ப கொண்டு வந்திட்டியள்தானே. பிழைப்பார்.”

வேலாயுதம் மெதுவாகக் கேட்டார்: “கப்பல்ல ஏத்திருவீங்களா, ஐயா?”

“நான் டாக்குத்தர். கப்பல் கொம்பனி இல்லை” என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கைக்குச் சீட்டு எழுதினார் டாக்டர்.

அங்கே அவரைச் சேர்த்துவிட்டு இல்லத்துக்குத் திரும்பிய வழி முழுவதும் ஒரே யோசனை. வெள்ளை அரிசி கேட்டது நான் என்பதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம். கடிதத்தில் இருந்தது மாஸ்டரின் கையெழுத்து. அரிசி அனுப்பியவர் மரைக்காயர். ஆனால் சொல்லாவிட்டால் மாஸ்டர் டாக்டரின் பேச்சை நம்பாமல் போகலாம். மாதா மாதம் அரிசி வந்துகொண்டே இருக்கும். உள்ளே நுழைந்ததும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

மாஸ்டர் கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்தார். அது முழுதும் முறுக்கேறி நின்றுவிட்டது. பிறகு கேட்டார்: “இன்னும் எத்தனை பேர்?”

“தெரியலைங்க, ஐயா.”

“அப்ப இன்னைக்கே தெரிஞ்சுக்குவோம்.”

அன்று மாலை கோட்டில் யாரும் நடக்கவில்லை. ஒவ்வொருவரையும் வாசலில் குந்தச் சொல்லி, கை ஊன்றாமல் எழச் சொன்னார். “என்னா மாஸ்டர், பிள்ளையாருக்குத் தோப்புக்கரணமா?” என்று சிரித்துக்கொண்டே செய்தார்கள். ஆறு பேரால் எழ முடியவில்லை. அந்த ஆறு பேரில் இரண்டு பேருக்கு நான் ‘கு’ போட்டிருந்தேன். உண்மையிலேயே மூக்கு முட்டக் கள் குடித்துவிட்டு வந்த சுப்பன் என்பவரும் குந்தினார், அப்படியே உருண்டார். படுத்தபடியே, “எனக்கும் அந்த நோய்தாங்கய்யா” என்றார். மாஸ்டர் குனிந்து முகர்ந்துவிட்டு, “உங்களுக்கு வேற நோய்ங்க. நாளைக்கு வாங்க” என்றார். அந்த ஆறு பேரும்கூடச் சிரித்தார்கள்.

மறுநாள் மாஸ்டரும் நானும் மரைக்காயரின் மண்டிக்குப் போனோம். ஒருவர் மனமுவந்து கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். உள்ளே நுழைந்ததும் வாக்கியம் மறந்துவிட்டது. அவர் தலைக்கு மேலே சுவரில், கண்ணாடி போட்டு, என் கடிதம் தொங்கியது.

மாஸ்டர் பேச வாயெடுக்கும் முன் நானே சொல்லிவிட்டேன். மரைக்காயர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தாடி குலுங்கச் சிரித்தார்.

“எங்க வூட்டுல நாங்க திங்கிறதே புழுங்கலரிசிதாம்மா. வாப்பா காலத்துலேருந்து அதான். தர்மத்துக்குப் புழுங்கல் அனுப்புனா மரைக்காயர் கையி சுருங்கிருச்சும்பாங்களேன்னுதான் வெள்ளைய அனுப்புனேன். இப்படி எழுதுன புள்ளைக்கு எப்படிப் புழுங்கல அனுப்புறது, சொல்லு.” பிறகு சிரிப்பை நிறுத்தி, “அந்த மனுசன் பொழைச்சுக்குவாரா?” என்று கேட்டார். பிழைத்துக்கொள்வார் என்றதும் கண்களை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

“அந்தக் கடிதத்தக் கழட்டிருங்க, பெரியவரே. வேற எழுதித் தர்றேன்” என்றேன்.

“இது இருக்கட்டும். எழுத்து நல்லாத்தான் இருக்கு” என்றார்.

அன்று மாலையே புழுங்கலரிசி வந்தது. கூடவே ஒரு மூட்டை பச்சைப் பயறு. டாக்டர் சொன்னபடி முத்தம்மா அக்கா பயறு வேகவைத்தார். தவிட்டில் கருப்பட்டி சேர்த்து அடை தட்டினார். “மாட்டுத் தீனி” என்று முணுமுணுத்தவர்களிடம், “மாடு நாலு காலுல நிக்கிது, நீ ரெண்டு காலுல நில்லு பாப்போம்” என்றார். என் மேசையை நானே இழுத்துத் திருப்பிப் போட்டேன். அதற்குப் பிறகு வாசலும் தெரிந்தது, கொட்டகையும் தெரிந்தது.

வேலாயுதம் எட்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். மாலை ஆறு மணி. வரிசையில் கடைசி ஆளாக நின்றார். அவர் முறை வந்தபோது மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து, முப்பது பேருக்கு முன்னால், வழக்கமான அதே குரலில் சொன்னார்: “நீங்க குடிக்கல. எழுதச் சொன்னது என் தப்பு.”

எழுதியது நான். பதிவேட்டைத் திருப்பி அவர் பார்க்கும்படி வைத்து, மூன்று ‘கு’வையும் ஒவ்வொன்றாக அடித்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் மூன்றையும் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு குந்தினார். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டார். முத்தம்மா அக்கா கரண்டியோடு கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார். வேலாயுதம் மெதுவாக, மிக மெதுவாக, கை ஊன்றாமல் எழுந்து நின்றார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து, “ஆறு இருபது. உள்ள போங்க, சோறு ஆறிடும்” என்றார்.

இதனால்தான் குந்தி எழச் சொல்கிறோம், தங்கச்சி. புழுங்கலரிசி வந்த பிறகும், மற்ற இடங்களில் தின்று நோயோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருவராவது வாசலில் அகப்படுகிறார். அவர் வெளியே போய்விடாமல், மருந்தகத்துக்குப் போகிறார். கோடும் இருக்கிறது. ஆனால் குந்தி எழுந்தவர்தான் கோட்டில் நடக்க வேண்டும்.

அந்த ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் மருந்தகத்துக்குப் போய் வந்த நாட்களில், டாக்டர் நோயாளியைத் தொடும்போது அவர் விரலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவரும் அதைக் கவனித்திருக்கிறார். “பிள்ளை, தாதி வேலைக்கு ஆள் எடுக்கினம். உமக்கு இங்கிலீஸ் தெரியும்தானே” என்று ஒரு நாள் சொன்னார். மனு எழுத எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அதில் பாதி நாள் அப்பாவைச் சம்மதிக்க வைப்பதிலேயே போனது. ஆம்பிளைகள் வார்டு என்றதும் அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மனுவை எடுத்து வரச் சொல்லி, வாசிக்கச் சொல்லி, தகப்பன் கையெழுத்துக்கான இடத்தில் ரேகை வைத்தார்.

புறப்பட்ட அன்று வேலாயுதம் வந்து என் டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார். இப்போது அவர் ஒரு பங்களாவில் தோட்டவேலை செய்கிறார். அன்று காலை மட்டும் லீவு கேட்டு வந்திருந்தார். ஃபெரி நிறுத்தம் வரை நடந்தே போகலாம் என்றார். கூட்டத்துக்குள் புகுந்து அவர் போட்ட நடைக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. “அண்ணே, மெதுவாப் போங்க” என்று இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்து, “ஃபெரி நிக்காது, கிராணியம்மா” என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக நடந்தார்.

இதை புக்கிட் மெர்தாஜாம் மருத்துவமனையின் தாதியர் விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஆண்கள் வார்டில் பதினாறு படுக்கை. இன்று காலை ஒவ்வொரு படுக்கையாகப் போய், பெயர் கேட்பதற்கு முன்னால் கால்களைப் பார்த்துவிட்டு வந்தேன்.